ஏறத் தாங்கும் அலமாரி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நன்றாகவே இருக்கிறோம். அவருக்கு முட்டி வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பெண்டாட்டிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா?

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஊர் உலகமெல்லாம் போனில் பேசுவதற்காக டவர் ஏறுகிறவனுக்கு அவன் அக்கா தபால் போடுகிறாள் என்று டீச்சர் கேலி செய்வாள், செய்யட்டும். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். அப்புறம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். போன தடவை வைத்தது நீ. உன் கூட்டாளி நெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தேன், அதற்குள் என்ன அவசரமோ! எழுத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனிமேல் எதுவானாலும் எழுத்தில்தான். இது என் சட்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாடக மேடைக்கு மாடமும் படிக்கட்டும் செய்துகொண்டிருந்த என் பட்டறைக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. புதிர் அறையாம். நாலைந்து பேரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அவர்கள் அறைக்குள் ஒளித்து வைத்ததையெல்லாம் துருவிக் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் பூட்டைத் திறந்து வெளியே வர வேண்டும். காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள், என்ன சொல்ல! முதலாளிக்கு நான் பூட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அறை பழைய நூலகம் மாதிரி இருக்க வேண்டுமாம். ஒரு சுவர் முழுக்க ஐந்து அலமாரிகள். நடு அலமாரியில் ஏறி, உச்சித் தட்டில் கையை விட்டால்தான் சாவி கிடைக்கும். நான் படிக்கட்டு செய்திருக்கிறேன், ஏணி செய்திருக்கிறேன். அலமாரியாகவும் இருந்து ஏறவும் தாங்குகிற ஒன்றைச் செய்ததில்லை. தினமும் ஏறி இறங்குகிறவன் நீ. ஏறுகிறவன் கை எதைத் தேடும், கால் எதைத் தேடும் என்று விவரமாக எழுது.

நெட்டை சௌக்கியமா? உன்னோடு ஜோடியாக ஏறுகிறவன் என்றுதான் பேர், என் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, "இந்தக் கதவைக் குட்டையா செஞ்சது யாருக்கா?" என்று என்னிடமே கேட்டானே! அவனையும் கேட்டு எழுது.

உன் பதிலை எதிர்பார்த்து,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். மாமாவின் முட்டியை விசாரித்ததாகச் சொல். டீச்சர் நீ சொன்ன மாதிரியே சிரித்தாள், ஆனால் உன் கையெழுத்து அழகு என்றாள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போனை வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் "வாயை மூடுடா" என்றது யார் என்பதையும் எழுத்தில் போட்டிருக்கலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அலமாரியில் புத்தகங்களை விளிம்பு வரை அடுக்காதே. உள்ளே தள்ளி அடுக்கு. முன்னால் பாதிப் பாதம் வைக்கிற அளவு இடம் இருக்கட்டும். நிறைய இடம் வேண்டாம், குதிகால் வெளியே இருந்தால்தான் ஆள் நிதானமாக ஏறுவான். கை எப்போதும் கண்ணுக்கு நேராக இருப்பதைத்தான் பிடிக்கும். அங்கே புத்தகம் இருந்தால் புத்தகத்தைப் பிடிப்பான். புத்தகம் கையோடு வந்துவிடும், ஆளும் அதோடு வருவான். அதனால் ஏறும் வழியில் இருக்கிற புத்தகங்களெல்லாம் அசையாத கட்டையாக இருக்கட்டும். தட்டின் விளிம்பை உருட்டி விடு. கூரான விளிம்பைப் பிடித்தவன் வலியில் விட்டுவிடுவான்.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. வேலை எப்போதும் போலத்தான்.

இப்படிக்கு,
தம்பி


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவருக்கும் என் ஆசி. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இதை நான் வேடிக்கையாக எழுதவில்லை, மேலே படி.

நீ சொன்ன மாதிரியே நடு அலமாரியைச் செய்து முடித்தேன். விளிம்பையெல்லாம் உருட்டி, கட்டைப் புத்தகங்களை ஒட்டி, பார்க்க ராஜா வீட்டு நூலகம் மாதிரி வந்துவிட்டது. அந்த அறையின் சுவர் செங்கல் இல்லை, பலகைத் தடுப்பு. அதே மாதிரி ஒரு தடுப்பைப் பட்டறையில் நிறுத்தி, அலமாரியை அதில் திருகி வைத்தேன். தட்டுத் தட்டாக மணல் மூட்டை ஏற்றினேன். நாள் கணக்கில் வைத்திருந்தும் ஒரு தட்டுகூட வளையவில்லை. பூட்டுக்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "யானையே ஏறலாம் போல இருக்கேம்மா" என்றார்.

யானை கிடைக்காததால் உன் மாமாவை ஏறச் சொன்னேன்.

மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மூன்றாவது தட்டில் நின்று, மேல் தட்டைப் பிடித்து உடம்பை இழுத்தார் பார், தட்டு அப்படியே இருந்தது. அலமாரிதான் மொத்தமாக அவரைக் கட்டிப்பிடிக்க வந்தது! திருகாணியெல்லாம் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. இரும்பு வேலைக்கு வைத்திருக்கிற வெல்டர் பாய்ந்து தோளைக் கொடுத்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, ஆள் தப்பினார். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் மூட்டை இல்லடி" என்றார். அன்றைக்குப் பட்டறையை அதோடு மூடிவிட்டேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று எனக்குச் சொல். சொன்னால் போதாது, ஒரு நடை வா. வந்து நீயே ஏறிப் பார். நீ ஏறித் தாங்கினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். செப்டம்பரில் அறையைத் திறக்கப் போகிறார்கள்.

நெட்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ? அவனையும் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை கதவு உயரமாக இருக்கிறது என்று சொல்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மாமாவுக்கு அடி ஒன்றும் இல்லையே? உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மாமாவை இனி எதிலும் ஏற்றாதே.

உன் தப்பு இதுதான். மணல் மூட்டை கீழே அமுக்கும், அவ்வளவுதான். மனுஷன் அமுக்குவதோடு நிற்க மாட்டான், தன் பக்கம் இழுப்பான். உயரே போகப் போக இழுப்பு அதிகம். நீ தட்டு உடையுமா என்று பார்த்தாய். அலமாரி விழுமா என்று பார்க்கவில்லை. பலகைத் தடுப்பை நம்பாதே. அலமாரிக்குப் பின்னால் இரும்புச் சட்டம் போட்டு, கீழே தரையிலும் மேலே கான்கிரீட் கூரையிலும் போல்ட் போட்டு இறுக்கு. தடுப்பு சும்மா நின்று வேடிக்கை பார்க்கட்டும்.

இன்னொன்று. பார்க்க நன்றாக இருக்கிறது என்பது ஒரு கணக்கே இல்லை அக்கா. ஒரு படி பளபளவென்று பெயிண்ட் அடித்து நிற்கும். நேற்றும் முந்தாநாளும் ஏறினவனைத் தாங்கியிருக்கும். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பற்றவைப்பையும் நீயே கையால் ஆட்டிப் பார். பார்த்தாச்சு என்று வேறு யாராவது சொன்னால் கேட்காதே. நீயே பார். தயவுசெய்து.

வர முடியாது. இங்கே ஆள் குறைவு, லீவு கேட்கிற நிலைமை இல்லை.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

மாமா நலம். புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன், இப்போது அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இருவரும் எப்படி?

நீ சொன்னபடி இரும்புச் சட்டம் போட்டேன். வெல்டர் பற்றவைத்ததை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "என் தம்பி சொல்லியிருக்கான்" என்றேன். பிறகு அவரே என் பின்னால் வந்து ஆட்டிப் பார்க்கிறார்.

ஆனால் பூட்டுக்காரரோடு மல்லுக்கட்டு. நடு அலமாரிக்கு மட்டும் சட்டம் போதும், மற்ற நாலும் அழகுக்குத்தானே என்கிறார். உள்ளே இருக்கிறவனுக்கு எது அழகுக்கு, எது ஏறுவதற்கு என்று எப்படித் தெரியும்? கடிகாரம் ஓடுகிறது, நேரம் முடியப் போகிறது, சாவி கிடைக்கவில்லை. அப்போது கண்ணில் பட்டதிலெல்லாம் ஏறுவான். இதைச் சொன்னால், "அந்த நாலுலயும் 'ஏறாதீர்கள்'னு எழுதி ஒட்டிடலாம்மா" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், புதிர் அறைக்குள்ள வந்தவன் அதைப் படிச்சா, சாவி இங்கேதான் இருக்குன்னு முதல்ல அதுலதான் சார் ஏறுவான்!" அவருடைய தொழிலை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை. ஐந்துக்கும் ஒரே சட்டம், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அது கிடக்கட்டும். உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. "தயவுசெய்து" என்று நீ எனக்கு என்றைக்கடா எழுதியிருக்கிறாய்? லீவு கேட்க முடியாத வேலையா உன் வேலை? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், நெட்டை எப்படி இருக்கிறான்? நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டீர்களா? மழுப்பாமல் பதில் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பி எழுத வேண்டிய பதிலை நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதம் பத்து நாளாக அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுத்து, அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார்.

நெட்டை அண்ணா இப்போது இல்லை, அண்ணி. மே மாதக் கடைசியில் டவரிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி அடுத்த படியில் மாட்டப் போகிற நேரத்தில் கால் வைத்த படி பிய்த்துக்கொண்டது. அந்த வாரம்தான் ஆய்வு முடிந்து பெயிண்ட் அடித்த டவர். இவர் அவருக்கு மேலே இருந்தார். இவரை இறக்குவதற்கு வேறு இரண்டு பேர் ஏற வேண்டியிருந்தது. நீங்கள் போனில் விசாரித்தது அதற்கு மறு வாரம். அன்று இவர் கோபத்தில் வைக்கவில்லை. பதில் சொல்ல முடியாமல் வைத்தார்.

அன்றிலிருந்து இவர் ஏறவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து கயிறும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். வீட்டில் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார், நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். செப்டம்பர் நடுவில் எல்லாருக்கும் ஏறும் பரீட்சை வைக்கிறார்கள். அதில் ஏறாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் போகட்டும், அண்ணி, நான் சம்பாதிக்கிறேன். ஆனால் "நான் உதவாக்கரை ஆயிட்டேன்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்கிறார். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

உங்கள் அலமாரியைப் பற்றி எழுதும்போது மட்டும் பழைய மாதிரி இருக்கிறார். மேசையில் உட்கார்ந்து படம் போட்டுப் பார்க்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
டீச்சர்


ஆகஸ்ட் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நாங்கள் நலம். நீ பதில் போடாவிட்டால் என்ன, எனக்கு எழுத வேலை இருக்கிறது.

ஐந்து அலமாரிக்கும் சட்டம் என்று பூட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அவருடைய மகளும் சிநேகிதிகளும் அலமாரி வேலையைப் பார்க்க வந்தார்கள். வந்த வேகத்தில் ஓரத்து அலமாரியில் தொற்றிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அந்த மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

இப்போது என் கேள்விகள். மேல் தட்டுக்குப் போகும்போது கண் எங்கே பார்க்க வேண்டும்? பாதியில் ஒருவனுக்குக் கால் வராமல் போனால் அவன் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எந்த உயரத்தில் என்ன வைக்கட்டும்? மூன்றாவது தட்டுக்கு மேலே உள்ளங்கை முழுதும் பிடிக்கிற மாதிரி ஒரு உருளைக் கட்டை வைத்திருக்கிறேன். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இறங்கும்போது எந்தக் கால் முதலில்? தரை விரிப்புக்குக் கீழே தடிமனாக ரப்பர் மெத்தை போட்டாயிற்று. உச்சித் தட்டை ஒரு அடி இறக்கிவிட்டேன். ஏறுகிறவன் வீரனாகத்தான் இருப்பான் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? நாற்காலியில் ஏறவே யோசிக்கிறவனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவான். அவனும் ஏற வேண்டும், அவனும் இறங்க வேண்டும்.

என் தம்பி ஏறிப் பார்க்காமல் அறையை ஒப்படைக்க மாட்டேன் என்று பூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "வேற யாரையாவது ஏறச் சொல்லி முடிச்சுக்கலாமேம்மா" என்றார். "தாராளமா முடிச்சுக்கோங்க. அலமாரியைக் கழட்டி வண்டியில ஏத்திட்டு நான் போறேன்" என்றேன். ஆக, நீ வராவிட்டால் அறை திறக்காது. என் பிழைப்பு உன் கையில். எப்போது வருகிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம்.

கண் கையைப் பார்க்க வேண்டும். கீழேயும் வேண்டாம், உச்சியையும் வேண்டாம், அடுத்து வைக்கப் போகிற கையை மட்டும். இறங்கும்போது எந்தக் கால் என்பதில்லை, எந்தக் காலில் பாரம் குறைவாக இருக்கிறதோ அது. உருளைக் கட்டை நல்ல யோசனை.

இந்தக் கடிதத்தில் நீ நெட்டையை விசாரிக்கவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வருகிறேன். வந்து பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன். ஏறுவேன் என்று சொல்லவில்லை.

தம்பி


செப்டம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று டீச்சர் சொன்னாள். மாமா நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது என்கிறார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, நீ வந்த இரண்டு நாளில் ஒரு சண்டைகூடப் போடவில்லை.

அறையை வியாழக்கிழமை திறந்தோம். எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. கேமரா வழியாக வெளியே இருந்து பார்த்தேன். முதல் குழுவே நாலு பேர், ஆபீஸ் ஆட்கள். நேரம் முடியப் போகிற சமயத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜன்னலோரத்து அலமாரியில், அழகுக்கு மட்டும் என்று பூட்டுக்காரர் சொன்ன அலமாரியில், நாலு பேரும் ஒன்றாகத் தொற்றினார்கள்! அசையவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. பூட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

நீ ஏறியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மூன்றாவது தட்டில் உருளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றபோது உன் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வெல்டர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிற வரை நின்றாய். பிறகு ஏறி உச்சித் தட்டைத் தொட்டாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: நன்றாக ஏறினாயடா. இதே மாதிரி பரீட்சையிலும் கண்ணைக் கையில் வைத்து ஏறு. கைவிட்டுப் போனது ஒன்றுமில்லை.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு பேர் தொங்கியும் அசையவில்லை என்று படித்ததும் டீச்சரைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். உனக்கும் மாமாவுக்கும் எங்கள் அன்பு. வெல்டருக்கும் சொல்.

பரீட்சை என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஒன்று இருப்பதாக நான் உன்னிடம் சொன்னதே இல்லை. டீச்சரிடம் கேட்டேன். அவள் உடனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீடு பெருக்கப் போய்விட்டாள். போகட்டும். நெட்டையை விசாரிக்காமல் நீ ஒரு கடிதம் எழுதினாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அக்கா, அவன் விழுந்தபோது சத்தமே இல்லை. பேசிக்கொண்டே வந்தான். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. நான் கீழே பார்த்தேன். அப்புறம் எனக்கு எந்தப் படியையும் விட முடியவில்லை. ஏறப் பயம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குக் கையை எடுக்கத்தான் பயம்.

உன் மூன்றாவது தட்டில் நின்றபோதும் அதேதான். நீ கீழே நின்று "ஏறு" என்றும் சொல்லவில்லை, "இறங்கு" என்றும் சொல்லவில்லை. நீ வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றாய். நான் விழுந்திருந்தால் நீ நசுங்கியிருப்பாய், அது உனக்கே தெரியும். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

புதன்கிழமை டவர் ஏறினேன். உச்சி வரை. நேரம் ஆனது, நடுவில் நின்றேன், ஆனால் ஏறினேன். மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்து நெட்டையை நினைத்து அழுதேன். இறங்கி வந்ததும் அதிகாரி, "பாஸ். திங்கட்கிழமையிலிருந்து டவர் வேலைக்கு வந்துடுங்க" என்றார். பெல்ட்டைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். "இல்ல சார். இனிமே நான் ஏறல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஏற முடியாமல் விட்டவனாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் ஏறினேன். முடியும் என்று தெரிந்துவிட்டது. முடியும், ஆனால் வேண்டாம்.

அடுத்து என்ன என்று இன்னும் தெரியாது. பட்டறையில் இடம் தருகிறேன் என்று மட்டும் எழுதாதே, நாம் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு வாரம் தாங்க மாட்டோம். இவ்வளவு பாடுபட்டு என்னை ஏற்றிவிட்டாய், நான் இறங்கி வந்துவிட்டேன். கோபமாக இருந்தால் திட்டி எழுது.

தம்பி


செப்டம்பர் 26

என் அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். வந்தது இதுதான்.

நான் பாடுபட்டேன் என்கிறாய். நீ மறுபடியும் டவர் ஏற வேண்டும் என்று நானா ஆசைப்பட்டேன்? உனக்கு அதுதான் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னை ஏற்றினேன். நீ வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தாயே, அதைப் படித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெல்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டறையில் இடம் தருகிறேன் என்று எழுத மாட்டேன். உனக்குப் பிடித்தது கிடைக்கிற வரை நிதானமாகத் தேடு. டீச்சரைத் திட்டாதே, அவள் செய்ததுதான் சரி. நெட்டையின் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் ஒரு நாள் போய்விட்டு வரலாம், நீ தேதி சொல்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீ முதன்முதலாக பெல்ட் மாட்டிக்கொண்டு போன நாளிலிருந்து, இங்கே கொஞ்சம் வேகமாகக் காற்று அடித்தால் போதும், எனக்கு வேலை ஓடாது. ரம்பத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மாமா கேட்டால் கரண்ட் போய்விட்டது என்பேன். அவருக்கும் தெரியும், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். உன்னிடம் சொன்னால் மேலே இருக்கும்போது நினைத்துக்கொள்வாயே என்று சொன்னதில்லை.

இன்றைக்குக் காலையிலிருந்து இங்கே சரியான காற்று. ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது, மரத்தூள் கண்ணில் விழுகிறது. நான் பாட்டுக்கு ரம்பம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா